பெயர் தெரியாத நஞ்சும் சுருங்கிய கண்மணியும்: 1995 டோக்கியோ சாரின் தாக்குதல் குறித்த மருத்துவ நிகழ்வு ஆய்வு

1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை 8:16 மணிக்கு, டோக்கியோவின் சுகிஜி பகுதியை ஒட்டிய செயின்ட் லூக்ஸ் சர்வதேச மருத்துவமனைக்குத் தீயணைப்புத் துறையிடமிருந்து ஒரு தகவல் வந்தது. சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் வெடிவிபத்து நேர்ந்திருக்கிறது என்பதே அந்தத் தகவல். தீக்காயங்களையும் கார்பன் மோனாக்சைடு நச்சையும் எதிர்பார்த்து அவசரப் பிரிவு தயாரானது. பன்னிரண்டு நிமிடம் கழித்து, 8:28 மணிக்கு, முதல் நோயாளி தம் காலாலேயே நடந்து உள்ளே வந்தார். அவர் உடலில் தீக்காயம் ஏதும் இல்லை. கண் வலிக்கிறது, எல்லாம் இருட்டாகத் தெரிகிறது என்பதுதான் அவருடைய முறையீடு. 8:40 மணிக்கு முதல் ஆம்புலன்ஸ் வந்தது. 8:43 மணிக்கு இதயத் துடிப்பு நின்றுபோன ஒருவரை யாரோ தம் சொந்தக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 500 பேர் வந்து சேர்ந்தார்கள். அது 520 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை.

இந்தத் தாக்குதலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, அதைச் செய்த ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழுவைப் பற்றியும் அதன் தலைவரைப் பற்றியுமே பேசுகிறது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது வேறொன்றை. காலை 8:28 மணிக்கும், காவல்துறை 'சாரின்' என்ற நரம்பு நச்சின் பெயரைப் பகிரங்கமாகச் சொன்ன 11 மணிக்கும் இடைப்பட்ட இரண்டரை மணி நேரத்தில் மருத்துவர்கள் எதை வைத்து முடிவெடுத்தார்கள், எது பலித்தது, எங்கே பாதுகாப்பு ஓட்டையாகிப் போனது என்பவையே இங்கே கேள்விகள். வேதியியல் போர்நச்சுகளுக்கு எதிரான மருத்துவப் பாதுகாப்பு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மாற்று மருந்து. அன்றைய பதிவுகளைப் படிக்கப் படிக்க, மருந்துக்கு முன்பாக வாசல், சன்னல், உடுத்தியிருந்த துணி ஆகிய மூன்றும் வருகின்றன என்பதே எனக்குப் புலப்பட்டது.

நடந்தது என்ன

காலை எட்டு மணியை ஒட்டிய நெரிசல் நேரத்தில் ஹிபியா, மருனோஉச்சி, சியோடா ஆகிய மூன்று தடங்களில் ஓடிய ஐந்து ரயில்களில், செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகள் தரையில் விடப்பட்டு, கூர்தீட்டிய குடைமுனைகளால் குத்தப்பட்டன. ஐந்து ரயில்களும் அரசு அமைச்சகங்கள் நிறைந்த கசுமிகசேகியை நோக்கிச் செல்பவை. சுகிஜியை நோக்கிச் சென்ற ஹிபியா தட ரயிலில், பயணி ஒருவர் அந்தப் பொட்டலத்தைக் கொதென்மாச்சோ நிலையத்தின் நடைமேடையில் உதைத்துத் தள்ளினார். பெட்டிக்குள் சிந்தியது பெட்டியிலேயே இருந்தது. நடைமேடைக்குப் போனது அங்கே காத்திருந்தவர்களைத் தாக்கியது. அன்றைய உயிரிழப்புகளில் பெரும்பான்மை இந்த ஒரு ரயிலோடு தொடர்புடையது. கசுமிகசேகி நிலையத்தில், ஊழியர்கள் வெள்ளைக் கையுறை அணிந்த கையால் பொட்டலத்தை எடுத்து அப்புறப்படுத்தினார்கள். தரையில் தேங்கிய திரவத்தைச் செய்தித்தாளால் துடைத்தார்கள். அவர்களில் இருவர் உயிரிழந்தனர். எண்ணெய்ப் பிசுக்குப் போலத் தெரிந்த ஒன்றைத் துடைத்துச் சுத்தமாக வைப்பது அவர்களுடைய அன்றாடக் கடமை. அந்தக் கடமையே எமனானது.

நகரத் தீயணைப்புத் துறை 131 ஆம்புலன்ஸ்களையும் 1,364 அவசர மருத்துவப் பணியாளர்களையும் அனுப்பியது. ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டவர்கள் 688 பேர். சிகிச்சை தேடியவர்களோ 5,500க்கும் மேல். மிச்சமிருந்த ஆயிரக்கணக்கானோர் நடந்தும், டாக்சி பிடித்தும், வழியில் போன வண்டிகளை நிறுத்தி ஏறியும் மருத்துவமனைகளை அடைந்தார்கள். செயின்ட் லூக்ஸுக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நடந்து வந்தார்கள், கால்வாசிப் பேர் டாக்சியில் வந்தார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். பேரிடர்த் திட்டங்கள் எழுதுபவர்கள் நோயாளி ஆம்புலன்ஸில், ஒழுங்காக, ஒவ்வொருவராக, களத்திலேயே கழுவித் துடைக்கப்பட்டு வருவார் என்று எழுதுகிறார்கள். உண்மையில் அவர் அலுவலகக் கோட்டும் கைப்பையுமாக, தம் துணியில் நஞ்சைச் சுமந்துகொண்டு, பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்.

சாரின் உடலில் செய்வது

சாரின் 1938இல் ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி ஆராய்ச்சியின் ஊடே கண்டறியப்பட்ட கரிம பாஸ்பரஸ் சேர்மம். தூய நிலையில் நிறமோ மணமோ அற்றது. நரம்பு நச்சுகளில் எளிதில் ஆவியாவது இதுவே. ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான, மூடிய இடங்களில் தங்கும். சுரங்க ரயில் நிலையம் அப்படிப்பட்ட இடம். டோக்கியோவில் பயன்பட்டது தூய்மையற்ற கலவை. அதனால்தான் பயணிகள் பலர் ஏதோ நெடி அடித்ததாகச் சொன்னார்கள்.

நரம்பு முனையிலிருந்து தசைக்கோ சுரப்பிக்கோ கட்டளையைக் கொண்டுசெல்வது அசிட்டைல்கோலின். கட்டளை சேர்ந்த கணமே அதைச் சிதைத்து அடுத்த கட்டளைக்கு இடம்விடும் வேலை கோலினெஸ்டரேஸ் நொதியுடையது. சாரின் இந்த நொதியோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. மடை அடைக்கும் ஆளைக் கட்டிப்போட்டால் வயல் மூழ்குவதைப் போல, நிற்காமல் பாயும் அசிட்டைல்கோலினில் உடல் மூழ்கிப்போகிறது. சுரப்பிகள் பெருக்கெடுப்பதால் கண்ணீர், எச்சில், மூக்கொழுக்கு, வியர்வை, நுரையீரலில் சளி, மூச்சுக்குழல் இறுகுகிறது, வயிறு புரட்டி வாந்தியும் பேதியும் ஆகின்றன, இதயத் துடிப்பு மந்தமாகலாம். தசைகளில் முதலில் தோலுக்கடியில் புழு நெளிவது போன்ற துடிப்பு, பிறகு தளர்ச்சி, இறுதியில் மூச்சை இயக்கும் உதரவிதானம் உட்பட எல்லாம் ஓய்ந்துபோகும் வாதம். மூளையில் பதற்றமும் குழப்பமும் வலிப்பும் வந்து, மூச்சுக்கு ஆணையிடும் மையமே அடங்கிவிடுகிறது. ஆக, மூச்சு மூன்று பக்கமும் அடைபடுகிறது: குழாயில் வெள்ளம், துருத்தியில் வாதம், ஆணையிடும் இடத்தில் மௌனம். கடுமையாகத் தாக்கப்பட்டவரின் உயிர் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

நஞ்சு ஆவியாகத் தாக்கும்போது முதலில் காட்டிக்கொடுப்பது கண். ஆவி நேரடியாகக் கண்ணைத் தொடுவதால், உடலின் மற்ற பகுதிகளுக்கு எட்டுமுன்பே கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. செயின்ட் லூக்ஸில் நடுத்தர, கடும் பாதிப்புக்கு உள்ளானவர்களில் கண்மணி சுருங்காதவர்கள் ஏறத்தாழ இல்லவே இல்லை என்று சொல்லலாம். தலைவலி, மூச்சுத்திணறல், குமட்டல், கண்வலி, மங்கல் பார்வை ஆகியவை அதற்கு அடுத்த வரிசையில் நின்றன. பளிச்சென்ற காலையில் வெளிச்சத்தை யாரோ குறைத்துவிட்டது போலிருந்தது என்று தப்பியவர்கள் பலரும் சொன்னது மிகைப்படுத்தல் ஏதும் இல்லை. ஒளி புகும் துளையே சிறுத்துப்போன பிறகு உலகம் மங்குவது இயல்பு.

பெயர் தெரியாத இரண்டரை மணி நேரம்

பத்து மணிக்குச் சற்று முன்பு, சம்பவ இடத்தில் அசிட்டோநைட்ரைல் கண்டறியப்பட்டதாகத் தீயணைப்புத் துறையிடமிருந்து செய்தி வந்தது. அது பொய்யான தகவல் இல்லை. கலவையில் அந்தக் கரைப்பான் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அசிட்டோநைட்ரைல் உடலில் சயனைடாக மாறக்கூடியது. அந்தச் செய்தியை மட்டும் நம்பியிருந்தால் சிகிச்சை வேறு திசையில் போயிருக்கும். மருத்துவர்கள் கருவி சொன்னதையும் நோயாளியின் கண் சொன்னதையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். சயனைடு கண்மணியைச் சுருக்காது. ஒருவர் இருவருக்கு என்றில்லாமல், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஊசிமுனைக் கண்மணி, மூக்கொழுக்கு, சிலருக்குத் தசைத்துடிப்பு. கரிம பாஸ்பரஸ் நச்சு என்ற சந்தேகம் அங்கிருந்தே உருவானது.

அந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தவை இரண்டு. ஜப்பானிய மருத்துவமனைகளில் கல்லீரல் சோதனைத் தொகுப்போடு இரத்தத்தின் கோலினெஸ்டரேஸ் அளவையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அதனால் எந்தச் சிறப்பு ஆய்வகத்தையும் நாடாமலே, அந்த நொதி பலருக்கும் விழுந்துகிடப்பது விரைவில் தெரிந்துவிட்டது. மற்றொன்று ஒரு தொலைபேசி அழைப்பு. ஒன்பது மாதம் முன்பு, 1994 ஜூன் 27 இரவு, நாகானோ மாவட்டத்தின் மட்சுமோட்டோ நகரில் இதே குழு சாரினைக் காற்றில் பரப்பி ஏழு பேரைக் கொன்றிருந்தது. கோமாவில் கிடந்த எட்டாமவர் 2008இல் இறந்தார். அந்த நோயாளிகளைப் பார்த்த ஷின்ஷு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், தொலைக்காட்சியில் டோக்கியோ காட்சிகளைக் கண்டதும் இது சாரின்தான் என்று ஊகித்து, மருத்துவமனையை அழைத்துச் சொன்னதோடு சிகிச்சைக் குறிப்புகளையும் தொலைநகலில் அனுப்பினார். மட்சுமோட்டோவில் காவல்துறை பல மாதம் சந்தேகித்தது, முதலில் தகவல் கொடுத்த உள்ளூர்வாசி ஒருவரை; கோமாவில் கிடந்தவர் அவருடைய மனைவி. விசாரணை வழிதவறிய அந்த மாதங்களில் மருத்துவர்கள் ஒழுங்காகக் குறிப்பெடுத்து வைத்திருந்தது டோக்கியோவில் உயிர்களைக் காத்தது. 11 மணிக்குக் காவல்துறை சாரின் என்று அறிவித்தபோது, மருத்துவமனை அதை அறிந்ததும் தொலைக்காட்சிச் செய்தி வழியாகவே; எந்த அரசு அலுவலகமும் நேரே அழைத்துச் சொல்லவில்லை.

தரம்பிரித்தலும் சிகிச்சையும்

அன்று செயின்ட் லூக்ஸுக்கு வந்த 640 பேரில் 528 பேருக்கு இலேசான பாதிப்பு, 107 பேருக்கு நடுத்தரம், ஐந்து பேருக்குக் கடுமை. கண் அறிகுறிகள் மட்டும் உள்ளவர்கள் இலேசானவர்கள். மூச்சுத்திணறல், வாந்தி, தசைத்துடிப்பு, தளர்ச்சி எனக் கண்ணைத் தாண்டிய அறிகுறி உள்ளவர்கள் நடுத்தரம். மூச்சோ இதயமோ நின்றவர்கள் கடுமையானவர்கள். முதல் வகையினரைச் சில மணி நேரம் கண்காணித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆவியால் தாக்கப்பட்டவருக்கு, நச்சுக் காற்றைவிட்டு வெளியே வந்த பிறகு நிலைமை மோசமாவது அரிது என்பதால் இது பொருத்தமான முடிவே. திரவம் தோலில் பட்டவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. தோல் வழியே மெல்ல ஊறும் நஞ்சு பல மணி நேரம் கழித்தும் ஆளைச் சாய்க்கும்.

ஐந்து கடுமையான நோயாளிகளில் மூவருக்கு இதயம் நின்றிருந்தது, இருவருக்கு மூச்சு மட்டும் நின்றிருந்தது. ஒருவரை மீட்கவே முடியவில்லை. இன்னொருவர் மூளைச் சேதத்தால் 28ஆம் நாள் இறந்தார். மற்ற மூவரும் குணமடைந்து வீடு திரும்பினார்கள். பேரிடரில் இதயம் நின்றவரைக் கறுப்புப் பட்டை கட்டி ஒதுக்கிவிடுவது பொதுவான தரம்பிரித்தல் மரபு. நரம்பு நச்சில் அந்த மரபைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது என்பதற்கு இந்த மூவரே சாட்சி. காயத்தால் நின்ற மூச்சு வேறு, நஞ்சால் நின்ற மூச்சு வேறு. பின்னதில் குழாய் செருகி, காற்றுத் தள்ளி, மருந்து கொடுத்தால் உடல் முழுமையாகத் திரும்பி வர வாய்ப்பு உண்டு.

முதன்மை மருந்து அட்ரோபின். அசிட்டைல்கோலின் சென்று அமரும் இடங்களில் ஒரு வகையை அது அடைத்துக்கொள்கிறது; சளி வற்றுகிறது, குழல் விரிகிறது. பெரியவர்களுக்கு 2 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து பத்து நிமிட இடைவெளியில், நெஞ்சில் சளிச்சத்தம் வற்றி மூச்சு இலேசாகும்வரை திரும்பத் திரும்பக் கொடுப்பது நடைமுறை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆவி நேரே கண்ணில் பட்டுச் சுருங்கிய கண்மணி, நரம்பில் ஏற்றும் அட்ரோபினுக்கு அவ்வளவாக மசியாது. கண்மணி விரிந்தால்தான் போதுமான மருந்து ஏறியது என்று எண்ணுபவர் தேவைக்கு மேல் ஏற்றிக்கொண்டே போவார். நோயைக் கண்டுபிடிக்கத் துணைநின்ற அதே கண், மருந்தின் அளவைத் தீர்மானிக்க உதவாது. கண்வலி தாங்காதவர்களுக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை நேரே கண்ணில் இட்டார்கள்; வலி குறைந்தது.

தசை வாதத்தை அட்ரோபின் தொடாது. அதற்கு, நொதியோடு ஒட்டிய நஞ்சைப் பிடுங்கி எறியும் பிராலிடாக்சைம் வேண்டும். நம் ஊர் அவசரப் பிரிவுகளில் 'பாம்' என்று சொல்லும் ஊசி அது. ஒன்று முதல் இரண்டு கிராம் வரை, அரை மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுவது வழக்கம். இதற்குக் கெடு உண்டு. நஞ்சு ஒட்டிய நொதி சிறிது நேரத்தில் வேதியியல் மாற்றம் அடைந்து, பிறகு எதனாலும் பிரிக்க முடியாதபடி இறுகிவிடுகிறது. இதை 'முதிர்தல்' என்பார்கள். சாரினில் பாதி நொதி முதிர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். சோமன் என்ற நரம்பு நச்சில் அதே வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சாரின் தந்த அந்த ஐந்து மணி நேரத்தில்தான் டோக்கியோவின் மருந்துக் கையிருப்பு தடுமாறியது. மாநகர மருத்துவமனைகளில் 'பாம்' சொற்பம். அதிகம் இருந்தது பூச்சிமருந்து புழங்கும் வேளாண் பகுதிகளில். மற்ற நகரங்களிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் மருந்துப் பெட்டிகள் டோக்கியோவுக்கு வந்து சேர்ந்தன. செயின்ட் லூக்ஸில் மட்டும் 'பாம்' ஆம்பூல்கள் சுமார் 700, அட்ரோபின் ஆம்பூல்கள் சுமார் 2,800 செலவாயின. அட்ரோபின் ஆம்பூல் ஒன்றில் இருப்பது அரை மில்லிகிராம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு நான்கு கண்ணாடிக் கழுத்தை உடைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு நடுவே ஒரு செவிலியர் நான்கு நான்காக உடைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும் நேரமும் சிகிச்சை நேரம்தான். படைவீரர்களுக்கு 2 மில்லிகிராம் அட்ரோபினும் 600 மில்லிகிராம் பிராலிடாக்சைமும் அடைத்த தானியங்கி ஊசிகள் கொடுப்பதன் காரணம் இங்கே விளங்கும். வலிப்புக்கு டயசெபாம் மூன்றாவது மருந்து.

பூச்சிமருந்து பழக்கமும் அதன் எல்லையும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அவசரப் பிரிவில் வேலை பார்த்த எவருக்கும் மேலே சொன்ன படம் புதிதாக இராது. 'மருந்து குடித்துவிட்டார்' என்று உறவினர்கள் ஒருவரைத் தூக்கி வந்தால், எந்த மருந்து என்று கேட்குமுன்பே டார்ச்சை எடுத்துக் கண்ணைப் பார்ப்பது நம் செவிலியர்களின் கைப்பழக்கம். நரம்பு நச்சுகளும் வயலுக்குத் தெளிக்கும் கரிம பாஸ்பரஸ் மருந்துகளும் ஒரே குடும்பம். ஆயினும் இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பது தவறு. டோக்கியோவின் கடும் நோயாளிகளுக்குத் தேவைப்பட்ட மொத்த அட்ரோபின் 1.5 முதல் 9 மில்லிகிராம்வரைதான். பூச்சிமருந்து குடித்த ஒருவருக்கு முதல் நாளிலேயே இதைப்போலப் பல மடங்கு தேவைப்படுவதும், நாள்கணக்கில் சொட்டாக ஏற்ற வேண்டியிருப்பதும் நமக்குத் தெரியும். நுரையீரல் வழியே சென்ற சாரின் விரைவில் சிதைந்துவிடுகிறது. வயிற்றில் விழுந்த பூச்சிமருந்து குடலிலும் கொழுப்பிலும் தங்கி, கடனுக்கு வட்டி போலத் திரும்பத் திரும்ப வருகிறது.

'பாம்' பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. பூச்சிமருந்து நோயாளிகளில் அது உண்மையில் உதவுகிறதா என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1990களிலேயே சோதித்து ஐயம் எழுப்பியது. 2009இல் வெளியான இலங்கைச் சோதனையில் 235 நோயாளிகளில் 'பாம்' பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதலாக இறந்திருந்தார்கள். அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவே என்றாலும், நன்மை தென்படவில்லை. இதற்கு மாறாக, 2006இல் வெளியான, மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த ஆய்வு, அதிக அளவில் தொடர்ந்து ஏற்றினால் பயன் உண்டு என்றது. இந்த விவாதத்தை அப்படியே சாரினுக்குத் தூக்கிச் செல்லக் கூடாது என்பது என் கருத்து. சாரினில் நஞ்சின் அளவு குறைவு, உடலில் தங்கும் காலம் குறைவு, நொதி முதிரும் வேகம் மிதமானது. 'பாம்' வேலை செய்ய வேண்டிய சூழல் இதுதான். ஆனால் டோக்கியோவில் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு என்று ஒன்று இல்லை. மருந்து பெற்றவர்கள் பிழைத்தார்கள் என்பது உண்மை. மருந்தால்தான் பிழைத்தார்கள் என்பதை அந்த நாளின் கணக்கை மட்டும் கொண்டு நிறுவ முடியாது.

துணியில் ஏறி வந்த நஞ்சு

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மருத்துவமனையின் வழிபாட்டுக்கூடம். செயின்ட் லூக்ஸின் புதிய கட்டடம் 1992இல் எழுந்தபோது, தலைவர் ஷிகேயாகி ஹினோஹாரா, கூடங்களிலும் வழிபாட்டுக்கூடத்திலும் சுவருக்குள் ஆக்சிஜன் குழாய்களைப் பதிக்கச் செய்தார். 1945இல் டோக்கியோமீது குண்டு விழுந்த இரவுகளில் தீக்காயம்பட்டவர்களைப் படுக்கவைக்க இடமின்றித் தவித்தவர் அவர். புதிய கட்டடத்துக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. 1995 மார்ச் 20 அன்று 83 வயதான அவர், வருபவர் எவரையும் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சொல்லி, அன்றைய வழக்கமான புறநோயாளிப் பிரிவையும் அறுவைச் சிகிச்சைகளையும் நிறுத்தச் செய்தார். வழிபாட்டுக்கூடம் நோயாளிகளால் நிரம்பியது, சுவரிலிருந்து ஆக்சிஜன் கிடைத்தது. மூன்றாண்டு முன்பு வீண்செலவாகத் தெரிந்தது அன்று காலை வரமானது.

அதே கூடத்தில்தான் ஊழியர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். காற்றோட்டம் குறைவான இடம், குளிர் விலகாத மார்ச் மாதம், நோயாளிகளின் கம்பளிக் கோட்டுகளில் ஊறியிருந்த சாரின் அறையின் வெதுவெதுப்பில் ஆவியாகிக்கொண்டிருந்தது. பின்னர் மருத்துவமனை நடத்திய கேள்விப்படிவ ஆய்வில், பதிலளித்த 472 ஊழியர்களில் 110 பேர், அதாவது 23 விழுக்காட்டினர், தங்களுக்கும் அறிகுறிகள் வந்ததாகச் சொன்னார்கள். வழிபாட்டுக்கூடத்தில் பணியாற்றியவர்களில் அந்த விகிதம் பாதியை நெருங்கியது. களத்துக்குச் சென்ற 1,364 அவசர மருத்துவப் பணியாளர்களில் 135 பேருக்கும் அதே கதை. மூடிய ஆம்புலன்ஸின் பின்பகுதி இன்னொரு சிறு வழிபாட்டுக்கூடம்தான். சிகிச்சை அளித்துக்கொண்டிருக்கும்போதே தம் கண்ணும் மங்குவதை உணர்ந்த மருத்துவர்கள், அது களைப்பு என்று முதலில் எண்ணிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் இது தடுக்கக்கூடியது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி, வெளியுடுப்பைக் களைவதாலேயே உடலில் படிந்த நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். ஆவியாக மட்டும் தாக்கியிருந்தால் ஏறத்தாழ அவ்வளவுதான் தேவை. களைந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி வெளியே வைக்க வேண்டும். திரவம் பட்டிருந்தால் சோப்பும் ஏராளமான தண்ணீரும். அன்று செயின்ட் லூக்ஸில் வார்டுக்கு அனுப்பப்பட்டவர்களை மட்டும் உடை மாற்றச் செய்து குளிக்கவைத்தார்கள். நூற்றுக்கணக்கான நடமாடும் நோயாளிகள் வந்த உடையிலேயே பல மணி நேரம் அமர்ந்திருந்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே துணி மாற்ற ஒரு கூடாரமோ, ஊழியர்களுக்கு முகக்கவசமோ இல்லை. சாதாரண அறுவைச் சிகிச்சைக் கவசத்தைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தத் துணி ஆவியைத் தடுக்காது. செயற்படுத்திய கரி அடைத்த வடிகட்டி வேண்டும், அல்லது தனிக்காற்று உருளை வேண்டும். அவை இரண்டும் கைவசம் இல்லாத இடத்தில், மிஞ்சியிருக்கும் பாதுகாப்பு சன்னலைத் திறப்பதும், நோயாளிகளை வாசலுக்கு வெளியே திறந்தவெளியில் நிறுத்தித் துணி களையவைப்பதும்தான். அலுவலகத்துக்குக் கிளம்பி வந்த ஒரு பெண்ணிடம் கோட்டைக் கழற்றுங்கள் என்று நடுத்தெருவில் சொல்வது எளிதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திரையும் மாற்றுடையும் கையிருப்பில் இல்லாமல் அந்த ஆணைக்கு யாரும் பணியமாட்டார்கள்.

இராணுவ மருத்துவத்தில் இந்தப் பாதுகாப்பு நஞ்சு வருவதற்கு முன்பே தொடங்குகிறது. சோமன் அச்சம் உள்ள களத்தில், நொதி முதிரும் இரண்டு நிமிடத்துக்குள் எந்த ஊசியும் எட்டாது என்பதால், 30 மில்லிகிராம் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை எட்டு மணிக்கொரு தடவை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையினருக்கு இது பெருமளவில் வழங்கப்பட்டது. நொதியின் ஒரு பங்கை மாத்திரையே தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொண்டு, நஞ்சு அதைப் பிடிக்காமல் காப்பதுதான் இதன் தந்திரம். இந்த ஏற்பாடு கவசம் அணிந்து தயாராக நிற்கும் படைவீரனுக்குப் பொருந்தும். காலை ரயிலைப் பிடிக்க ஓடும் நகரவாசிக்கு முன்மாத்திரையும் கிடையாது, கவசமும் கிடையாது. அவருடைய பாதுகாப்பு முழுவதும் தாக்குதலுக்குப் பிந்திய நிமிடங்களிலேயே அடங்கியிருக்கிறது.

பின்னாளில்

சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்பினார்கள். கோலினெஸ்டரேஸ் அளவு வாரங்களில் மீண்டது. கண்மணி இயல்புக்கு வரச் சிலருக்கு வாரக்கணக்கானது. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் நடந்த கண்காணிப்பில், கண் விரைவில் சோர்வது, பார்வை மங்குவது, களைப்பு, தூக்கமின்மை, சுரங்க ரயிலில் ஏறவே அஞ்சுவது ஆகியவை பலரிடம் தொடர்ந்தன. இவற்றில் எவ்வளவு நஞ்சின் வேலை, எவ்வளவு அதிர்ச்சியின் வேலை என்று பிரித்துக் காட்டுவது கடினம். பிரித்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவதும் நோயாளிக்கு உதவாது. ஒரே ஆளின் ஒரே கண்தான் வலிக்கிறது.

2018 ஜூலையில் அந்தக் குழுவின் தலைவர் உட்பட 13 பேர் தூக்கிலிடப்பட்டனர். பலியானவர்களின் எண்ணிக்கை அதோடு முடிந்துவிடவில்லை. தாக்குதலில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்து நிரந்தரச் சேதம் அடைந்து, 25 ஆண்டுகள் படுக்கையில் கிடந்த ஒரு பெண் 2020 மார்ச் மாதம் காலமானார். சாரின் தாக்குதலின் 14ஆவது மரணமாக அது பதிவானது.